நாலாவது மடிப்பு

வாழ்நாளில் நான் ஒரு பீடி குடித்ததில்லை. ஆனால் ஒரு பீடியைத் திருடியிருக்கிறேன். சுற்றிய பீடியைக் கொண்டுபோய்ப் போடுகிற பீடிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் மைனி நின்றிருந்தாள். அவள் கணக்கப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அவள் சுளகில் இருந்த கட்டிலிருந்து ஒரே ஒரு பீடியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டேன். விடிந்தால் அடைந்தால் பீடி சுற்றுகிறவள் ஒற்றைப் பீடியைத் திருடினாள் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, நூலை அறுத்து, அதைப் பைய விரித்தேன். இலை எங்கே மடிந்திருக்கிறது, எத்தனை மடிப்பு, நகம் எந்த இடத்தில் பதிந்திருக்கிறது என்று ஊசியால் கிளறிக் கிளறிப் பார்த்தேன். மூன்று மடிப்புதான் எல்லோரும் போடுவது. அவள் நாலு போட்டிருந்தாள்.

மைனி என்றால் என் பெரியப்பா மகனின் மனைவி. ஆழ்வார்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊர். நான் பிறந்ததும் வாக்கப்பட்டதும் ஒரே தெரு. மைனி வீடு மூன்று வீடு தள்ளி. தெருவில் பீடி சுற்றாத பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கம்பெனி தருகிற இலையை நனைத்து, அளவுக்கு வெட்டி, புகையிலைத் தூளை வைத்து உருட்டி நூல் கட்ட வேண்டும். தூள் கொட்டாமலிருக்க வாயை மடக்கி உள்ளே அழுத்த வேண்டும். அந்த மடிப்பில்தான் ஒவ்வொருத்தியின் கையும் தெரியும். எழுத்தைப் பார்த்து யார் எழுதியது என்று சொல்வதில்லையா, அப்படிக் கணக்கப்பிள்ளை பீடியின் வாயைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். என் பீடியை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை, ஒருநாளும் புகழ்ந்ததுமில்லை. மைனியின் கட்டை எடுத்தால் மட்டும் பக்கத்தில் நிற்கிறவர்களிடம் காட்டுவார். "இது கை. மத்ததெல்லாம் என்னத்தச் சொல்ல" என்பார். மைனி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போது எனக்கு அடிவயிற்றில் காந்தும். ஆமாம், பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. அவள் நிறம் என்னைவிடக் கம்மி, படிப்பு என்னைவிடக் கம்மி. நான் பன்னிரண்டாவது தேறியவள். ஆனாலும் தெருவில் ஒரு விசேஷம் என்றால் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

திருடிய பீடியை வைத்து நாலாவது மடிப்பைப் படித்துக்கொண்டேன். மாசக்கணக்கில் ஆனது. கட்டைவிரல் நகத்தை அவளைப் போலவே வளர்த்தேன். கடைசி மடிப்பை நகத்தால் அழுத்தினால் அவளுடையது மாதிரி வந்தது, ஆனால் கொஞ்ச நேரத்தில் மேலெழும்பிவிடும். நகத்தை எடுக்கும்போது பின்பக்கமாக ஒரு சின்னத் திருகல் கொடுத்தால் எழும்பாமல் நிற்கும் என்று நானாகவே கண்டுபிடித்தேன். அவளும் அப்படித்தான் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கையோடு கடைக்குப் போகிற துணிச்சல் மட்டும் வரவில்லை. காப்பியடித்தவள் என்று சொல்லிவிடுவார்களே. வீட்டில் பத்துச் சுற்றிப் பார்ப்பேன், பிரித்துத் தூளைக் கொட்டிவிடுவேன். கடைக்கு என் பழைய மூன்று மடிப்புதான் போனது.

அப்புறம் என்னோடு இருந்த அம்மா நெஞ்சுச்சளி முற்றிப் படுத்துவிட்டாள். வீட்டிலிருந்து செய்கிற வேலைதானே, அதை ஏன் விடவேண்டும் என்று தெரியாதவர்கள் கேட்பார்கள். பீடித் தூள் ஒரு வீட்டுக்குள் இருந்தால் அந்த வீட்டில் எல்லோரும்தான் அதை மூக்கில் ஏற்றவேண்டும். நான் மடியில் சுளகை வைத்தாலே அம்மாவுக்கு இருமல் பிடுங்கும். முகம் நீலம் பாரித்துப்போகும். பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இலையும் தூளும் வாங்குவதை நிறுத்தினேன். இலையும் கூலியும் தருவது ஆளுக்கொரு கார்டில்தான்; தொடர்ந்து சரக்குப் போகாத கார்டைக் கம்பெனி வெட்டிவிடும். கார்டு போனால் அதில் இத்தனை வருஷம் உழைத்த உழைப்பும் போனது. புதுக் கார்டு அவ்வளவு லேசில் கிடைக்காது. எனக்கு அது தெரியாமலில்லை. அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து முதுகைத் தட்டிக்கொண்டிருக்கிறவளுக்கு எந்தக் கார்டு கண்ணில் தெரியும்?

அந்த நாட்களில்தான் ஒரு காலையில் மைனி வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. "ஏட்டி, உன் கார்டைத் தா. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். எங்கள் தொழிலில் ஒருத்தி இன்னொருத்தியின் கார்டைக் கேட்கிறாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தன் கார்டுக்குக் கிடைக்கிற இலை போதவில்லை, உன் பேரிலும் இலை வாங்கி நான் சம்பாதித்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. "எங்கம்மா சாகக் கெடக்கா, உங்களுக்குக் கார்டு கேக்குதோ மைனி? போயிருங்க அங்கிட்டு" என்று கத்தினேன். அம்மாகூடக் கண்ணைத் திறந்து பார்த்தாள். மைனி வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள். இரண்டு மாதம் கழித்து என் கார்டை வெட்டினார்கள். அதற்கு மறுமாதம் அம்மா போய்ச்சேர்ந்தாள். அதிலிருந்து நான் கார்டில்லாதவள். எங்கள் தெருக்கோடிச் சித்திக்குக் கண் மங்கிவிட்டதால் அவள் கார்டில் ஒரு பங்கை நான் சுற்றிக்கொடுத்துப் பிழைத்தேன்.

சில வருஷம் கழித்து அண்ணன், அதாவது மைனியின் வீட்டுக்காரர், கேரளாவில் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கொண்டுவந்து போட்டார்கள். விழுந்ததில் நெஞ்செலும்பும் நொறுங்கி, மூச்சு இழுத்துவிடவே படாதபாடு பட்டார். அந்த வீட்டிலும் தூள் ஆகாது என்றாகிவிட்டது. மைனி சுளகைக் கழுவிச் சுவரில் மாட்டிவிட்டாள். அந்த வாரமே சித்தி என்னையும் இன்னும் இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டாள். மைனி கார்டில் நாலு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் தினமும் சுற்றிக் கடையில் போடுவோம், கார்டும் பிழைக்கும், கூலியும் அந்த வீட்டுக்குப் போகும் என்றாள். மற்ற இரண்டு பேரும் உடனே தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. "எங்கம்மா கெடந்தப்ப ஒரு நாதி சுத்தலியே சித்தி. என் கார்டு வெட்டுப்பட்டுப் போகையில நீங்கல்லாம் எங்க இருந்தீங்க? மைனின்னா மட்டும் தெருவே எந்திரிச்சு நிக்குது" என்றேன். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சவம்.

சித்தி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "கூறுகெட்டவளே, உனக்குச் சுத்தணும்னு மொதல்ல சொன்னதே அவதான். எங்க மூணு பேத்தையும் சேத்துக்கிட்டு, கார்டை வாங்கிட்டு வாரேன்னு உங்க வீட்டுக்கு வந்தா. நீ அவளை வெரட்டிவிட்டுட்ட. வெளிய யார்ட்டயும் சொல்லாதீங்க, அம்மையப் பாக்குத பிள்ள, அதுக்கு மனசு சரியில்லன்னு எங்க வாயையும் அடைச்சுட்டா."

அந்த இடத்தில் நான் உருகியிருக்க வேண்டும். கதையென்றால் உருகியிருப்பேன். எனக்கு வந்தது இன்னும் அதிக ஆத்திரம். அதைத்தான் முழுசாகச் சொல்லித் தொலைந்தால் என்ன? உனக்காகத்தான் கேட்கிறேன் என்று இரண்டு வார்த்தை கூடச் சொன்னால் வாயில் இருக்கிற முத்து உதிர்ந்துவிடுமா? என் கார்டு போனதற்கு இத்தனை வருஷம் நான் தெருவை நொந்துகொண்டிருந்தேன். இப்போது நொந்துகொள்ளவும் ஆளில்லாமல் செய்துவிட்டாள். நல்லவள் என்கிற பேரும் அவளுக்கே போனது. இருந்தாலும் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நானும் சுற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

மைனி கார்டுக்குச் சுற்ற உட்கார்ந்த முதல் நாள், என்னையறியாமல் என் விரல் நாலாவது மடிப்புக்குப் போனது. அவள் பேரில் போகிற பீடி, அவள் கையாகத்தான் இருக்கட்டுமே என்று ஒரு வீம்பு. ஒரு வாரம் கழித்துக் கணக்கப்பிள்ளை சித்தியையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டார். அவரிடம் மைனி இடையிடையே சுற்றுகிறாள், நாங்கள் கொஞ்சம் ஒத்தாசை என்று சொல்லி வைத்திருந்தோம். "என்னம்மா இது, ஒரு கார்டுல நாலு கை தெரியுது. ஆளில்லாத கார்டைப் பிடிக்கணும்னு மேலேருந்து செக்கர் வாரார். இதைக் கண்டா அன்னைக்கே வெட்டிருவார். கார்டுக்காரி கை மட்டும்தான் இருக்கணும்" என்றவர், கட்டுகளைத் துழாவி ஒன்றை எடுத்து உயர்த்திக் காட்டினார். "இந்தா இருக்குல்லா, இது அவ கை. மொத்தமும் இப்படி வரட்டும்."

அது நான் சுற்றிய கட்டு. சித்திக்கும் அது தெரியும். அவள் முன்னால்தான் கட்டியிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மணமாக நிறுத்திவைத்த மாதிரி இருந்தது. வெளியே வந்ததும் சித்தி, "எத்தன வருசமாட்டி படிச்ச இத?" என்று கேட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படிச் சிரித்தவள்தான் அன்று சாயங்காலமே ஏற்பாட்டையும் மாற்றினாள். மைனி கார்டுக்கு நான் ஒருத்தி மட்டும் சுற்றுவது. சித்தி கார்டில் என் பங்கை மற்றவர்கள் சுற்றித் தருவது.

ஒன்றரை வருஷம் நான் மைனியின் கையாக இருந்தேன். அந்த ஒன்றரை வருஷம் நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்ல? என் ஆயுசிலேயே நல்ல பீடி அப்போதுதான் சுற்றினேன். கணக்கப்பிள்ளை கட்டை வாங்கி, பக்கத்தில் நிற்பவர்களிடம் காட்டி, "புருஷனையும் பாத்துக்கிட்டு இந்தச் சுத்துச் சுத்துதா பாருங்க, மனுசியா அவ" என்பார். நான் அங்கேயே, அவர் கைக்கெட்டுகிற தூரத்தில், காலிச் சுளகோடு நிற்பேன். எத்தனையோ வருஷமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை என் காதில்தான் விழுந்தது. என் பேருக்கு விழவில்லை. வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கப் பிடிக்காமல் தட்டைத் தள்ளிய நாள் உண்டு.

அதற்கிடையில் செக்கர் வருவதாகச் சொன்ன நாளும் வந்தது. முந்தின நாள் கோயில் வாசலில் இரண்டு பேர் மைனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டிருந்தேன். புருஷனைக் குழந்தை மாதிரிப் பார்க்கிறாள், தெய்வம் என்றார்கள். நான் அம்மாவைப் பார்த்தபோது இதே வாய்தான், வீட்டில் சும்மாத்தானே இருக்கா என்று சொன்னது. காலையில் எழுந்து ஐந்தாறு கட்டு என் பழைய கையில், மூன்று மடிப்பில் சுற்றினேன். சுளகில் மேலாக அதையே அடுக்கினேன். செக்கர் முதலில் எடுப்பது மேலே இருப்பதைத்தான். ஒரே நிமிஷம். கார்டு போய்விடும். என் கார்டு போன மாதிரியே. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அன்றைக்குக் கூசவில்லை.

மைனி வீட்டைத் தாண்டித்தான் கடைக்குப் போக வேண்டும். தலையில் சுளகோடு நான் போவதைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். "ஏட்டி, ஒரு கை பிடிச்சுட்டுப் போயேன். அண்ணனைப் பெரட்டணும், ஒத்தையில முடியல" என்றாள். சுளகை வெளியே வைத்துவிட்டு உள்ளே போனேன். தோளை அவள் பிடிக்க, காலை நான் பிடித்துத் திருப்பினோம். முதுகில் புண் வராமலிருக்க அவள் மருந்தைத் தடவும்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். துவைத்துத் துவைத்து விரலெல்லாம் ஊறிப்போய், தோல் வெள்ளையாக உரிந்துகிடந்தது. கட்டைவிரலில் நகமே இல்லை. சதையோடு ஒட்ட வெட்டியிருந்தாள்.

"நகத்த ஏன் மைனி வெட்டினீங்க?" என்றேன். பீடி சுற்றுகிறவள் கட்டைவிரல் நகத்தை வெட்டுவது லேசான காரியமில்லை.

"அவுக புண்ணுல கீறிருச்சுட்டி ஒருநாள். அதான் ஒட்ட வெட்டிட்டேன்" என்றாள். பிறகு, "கார்டு எப்படிப் போகுது? எனக்குக் கேக்கவே வெக்கமா இருக்கு" என்றாள். நல்லாப் போகுது என்றேன். வெளியே வந்து சுளகை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே திரும்பி நடந்தேன். அந்தக் கட்டுகளை எல்லாம் பிரித்து, புது இலை வெட்டி, நாலு மடிப்பாகச் சுற்றி முடிக்க மத்தியானமாகிவிட்டது. வேர்க்க விறுவிறுக்கக் கடைக்கு ஓடினேன். செக்கர் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கார்டில் கையெழுத்துப் போட்டார்.

அண்ணன் தேறிக்கொண்டார். நடக்கவில்லை, ஆனால் மூச்சு சீராகி, சக்கர நாற்காலியில் உட்காரத் தொடங்கினார். தெருமுனையில் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்கிற சின்னக் கடை போட்டுக்கொடுத்தார்கள். பகலெல்லாம் அங்கேதான் இருப்பார். தெருவே சந்தோஷப்பட்டது. நானும்தான். ஆனால் அவர் நாற்காலியில் முதல் தடவையாகத் தெருவில் வந்த அன்று நான் வீட்டுக்குள் போய் அழுதேன். என் அம்மா எழுந்திரிக்கவில்லையே. நான் மட்டும் என்ன குறைவாகவா பார்த்தேன்? பொறாமைக்குத்தான் இடம் பொருள் கிடையாதே.

மைனி மறுபடி சுற்றத் தொடங்கினாள். முதல் நாள் அவளே சுளகைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். வரிசையில் நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். கணக்கப்பிள்ளை கட்டைக் கையில் வாங்கினார், வாயைப் பார்த்தார், இன்னொன்றை எடுத்தார். முகம் மாறியது. "என்ன தாயி, இவ்வளவு நாளும் நீயாச் சுத்தின. இப்ப அவரு எந்திரிச்சதும் யார்ட்டயோ கொடுத்துச் சுத்திட்டு வந்திருக்கே. உன் கை எனக்குத் தெரியாதா?" என்று பாதிக்குமேல் கழித்துப் போட்டார். "வார வாரம் செக்கர் வேற வாரார். இப்படியே வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது, சொல்லிட்டேன்."

அவர் கழித்துப்போட்ட பீடிகளை மைனி குனிந்து பொறுக்கினாள். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? குளுகுளுவென்று இருந்தது. இருபது வருஷக் காந்தல் ஒரு நிமிஷத்தில் ஆறியது. அவளுடைய சொந்தக் கை அவளுடையது இல்லையாம். அவள் கை என்று அவர் சொல்வது என் கையை.

அன்று சாயங்காலம் மைனி சுளகோடு என் வீட்டுக்கு வந்தாள். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை, உள்ளே வந்து என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "சுத்திக் காட்டு" என்றாள். சுற்றிக் காட்டினேன். என் பீடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என் கை இல்லட்டி. நான் இம்புட்டு நெருக்கமா மடிச்சதே கிடையாது. என்னுது எந்திரிச்சுக்கிடும். இது நிக்குதே" என்றாள். இந்த வார்த்தையைக் கடையில் வைத்து, கணக்கப்பிள்ளை காது கேட்க அவள் சொல்ல வேண்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது. சொல்ல முடியாது. சொன்ன மறுநிமிஷம் அவள் கார்டு போய்விடும். நான் என்றைக்கும் கார்டில்லாதவள்தான், இன்றைக்கும் அப்படித்தான்.

நாலு மடிப்பையும் நான் நெருக்கிப் போடுகிற விதத்தைச் சொல்லிக்கொடுத்தேன். நகம் வளரும்வரை குச்சியால் அழுத்தச் சொன்னேன். கடைசித் திருகலை மட்டும் சொல்லவில்லை. அது நான் கண்டுபிடித்தது. அது ஒன்றாவது எனக்கென்று இருக்கட்டுமே. அவளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சுற்றியபோதெல்லாம் விரலைத் திருகாமல் நேராக எடுத்தேன். மறுநாள் கடையில் அவளுடையது மறுபடியும் கழிந்தது. கணக்கப்பிள்ளை இந்தத் தடவை சத்தம் போட்டார். அவள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். நேற்று உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இலையை வெட்டுகிற மாதிரிக் குனிந்துகொண்டு, "மைனி, நேத்து ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்றேன்.

"மறக்கலட்டி நீ" என்றாள் மைனி. "மொதப் பீடிக்குத் திருகிட்டு, எனக்குச் சொல்லிக்கொடுக்கையில மட்டும் நீ வெரலத் திருகாம எடுத்தத நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்கு மேல நிக்க உனக்கும் ஒருநாள் வேணும்லா, அதான் பேசாம இருந்தேன்." சுளகை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "நேத்து ஒருநாள் ஆச்சு. இப்பச் சொல்லு."